குனியாமல் வாழச் சொல்பவர்களுக்கு

குனியக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. தரையில் உட்காரக் கூடாது, சம்மணம் போடவே கூடாது. மாடி ஏறக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. மெத்தை ஆகாது, பலகையில்தான் படுக்க வேண்டும். பெல்ட் கட்டாமல் வாசல்படி தாண்டக் கூடாது. ஸ்கேன் தாளில் 'எல்4-எல்5 டிஸ்க்' என்று எழுதி வந்தவருக்கு மாத்திரைக்கு முன்பே கிடைத்துவிடுவது இந்தப் பட்டியல்தான். பாதியை டாக்டர் சொல்கிறார். மீதியை மருந்துக்கடைக்காரரும் பக்கத்து வீட்டு அக்காவும் எப்போதோ ஜவ்வு விலகிய சித்தப்பாவும் சொல்லி முடிக்கிறார்கள். எல்லோரும் அக்கறையோடு சொல்வதால் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை.

நான் எதிர்க்கிறேன். டிஸ்க் பிதுங்கிய ஒருவர் விட்டுவிட வேண்டிய அன்றாடப் பழக்கங்கள் உண்டு. ஆனால் மேலே சொன்ன கூடாதுகளில் சில, வலி கடுமையாக இருக்கும் சில வாரங்களுக்கு மட்டும் பொருந்தும். மற்றவை எப்போதுமே பொருந்தாது. இந்தப் பட்டியலை ஆயுள் முழுக்கக் கடைப்பிடிக்கச் சொல்வது, தானாக ஆறியிருக்கக்கூடிய ஒரு வலியைக் கையில் எடுத்து அந்த மனிதரை நிரந்தர நோயாளி ஆக்குகிற காரியம்.

இதைத் தெற்கு அந்தமானின் சௌல்தாரியில் வைத்துப் பேச விரும்புகிறேன். பெருநகரத்து மருத்துவமனையில் அச்சடித்த அறிவுரை எவ்வளவு தூரம் செல்லும் என்பது இப்படிப்பட்ட ஊரில்தான் தெரியவரும். மேடும் பள்ளமுமான நிலம், பாக்கு, தென்னை, வருடத்தில் பெரும்பகுதி மழைக்காலம். பிழைப்பு என்றால் தோட்ட வேலை, கட்டட வேலை, அரசுத் துறைகளில் டெய்லி மஸ்தூர் என்ற நாள்கூலி வேலை. இல்லையென்றால் பஸ் பிடித்துப் போர்ட் பிளேருக்குப் போய்ச் செய்யும் வேலை. அந்த நகரத்துக்கு 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று அரசு பெயர் மாற்றியது. சனங்கள் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான்.

பாக்குத் தோட்டத்தில் பழுத்து விழுந்த காயைப் பொறுக்குகிறவரைச் சற்று நேரம் பாருங்கள். ஈர மண்ணில் காலை அகட்டி ஊன்றி, ஒரு கையில் கூடை, மறு கை தரையில். ஒரு காய்க்கு ஒரு குனிவு. விழுந்து கிடக்கும் மட்டையை இழுத்து ஓரம் போட இன்னொரு குனிவு. அது முடிந்தால் திண்ணையில் உட்கார்ந்து உரிக்கும் வேலை காத்திருக்கும். கோடையில் தீவின் தண்ணீர்க் கஷ்டம் ஊரறிந்தது. குழாயில் வரும் நேரத்தில் டிரம்மையும் பக்கெட்டையும் நிரப்பி வைத்தால்தான் அடுத்த முறை வரும்வரை தாங்கும். டிரம்மின் அடியில் கிடக்கும் தண்ணீரை மொள்ள வேண்டுமானால் விளிம்பில் வயிறு அழுந்த, ஒரு கையால் டிரம்மைப் பிடித்துக்கொண்டு, தலை உள்ளே போகக் குனிய வேண்டும். 20 லிட்டர் பக்கெட் நிரம்பினால் 20 கிலோ.

இப்படித் தண்ணீர் மொள்ளும் பெண்ணிடம் 'இனிமேல் குனியாதீங்கம்மா, வெயிட் தூக்காதீங்க' என்றால் அவருக்கு இரண்டே வழிகள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் கிடக்கலாம். நாள்கூலியில் ஓடும் குடும்பத்தில் அது எத்தனை நாள் நடக்கும்? இல்லாவிட்டால் குனிந்துகொண்டே, தூக்கிக்கொண்டே, ஒவ்வொரு தடவையும் 'உள்ளே இன்னும் கெட்டுப்போகிறது' என்று பயந்துகொண்டே இருக்கலாம். பெரும்பாலோர் போவது இரண்டாம் வழியில். பட்டியலை எழுதியவர் மனத்தில் இருந்தது நாற்காலியும் மேற்கத்திய கழிப்பறையும் பாத்திரம் தேய்க்க ஆளும் உள்ள வீடு. அந்த வீட்டுக்காரருக்கே அது நல்லது செய்யவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். சௌல்தாரியில் அது செய்வது கொடுமை.

எங்கிருந்து வந்தது இந்தப் பட்டியல்? இடுப்பிலிருந்து தொடை வழியாகப் பாதம் வரை மின்சாரம் போல இறங்கும் வலிக்கு, பிதுங்கிய டிஸ்க் நரம்பின் வேரைத் தொடுவது ஒரு காரணம் என்பதை 1934இல் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் எழுதிய கட்டுரை உலகுக்குப் புரியவைத்தது. 1960களில் ஸ்வீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன், உயிருள்ள மனிதர்களின் டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். படுத்தால் குறைவு, நின்றால் கூடுதல், உட்கார்ந்தால் அதைவிடக் கூடுதல், குனிந்து பாரம் தூக்கினால் மிக மிகக் கூடுதல் என்று அவருக்குக் கணக்கு வந்தது. அந்த வரைபடம் உலகெங்கும் பிசியோதெரபி அறைகளின் சுவரில் ஏறியது. அழுத்தம் கூடினால் டிஸ்க் கெடும் என்ற முடிவை அதிலிருந்து எல்லோரும் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்த ஊசி அளந்தது அழுத்தத்தை மட்டும்தான். அழுத்தம் கூடிய முதுகுகள் பின்னாளில் கெட்டனவா என்பது வேறு கேள்வி. அதற்கு வேறு ஆய்வு வேண்டும். அதே நாக்கெம்சன் பின்னாளில், முதுகுவலிக்காரர்களைப் படுக்கப் போடாமல் படிப்படியாக வேலைக்குத் திரும்ப வைக்க வேண்டும் என்று வாதாடியவர். அவருடைய வரைபடத்தை வைத்துக்கொண்டோம், அவருடைய வாதத்தை விட்டுவிட்டோம்.

1999இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் இன்னும் நல்ல கருவியோடு அதே அளவையைத் திரும்பச் செய்தார்கள். ஒரே ஒரு தன்னார்வலர்தான், ஆனாலும் அவருடைய டிஸ்க்கில் முழு நாளும் கருவி இருந்தது. நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தால் 0.46. உடம்பைத் தளர்த்திச் சரிந்து உட்கார்ந்தால் 0.3 அளவுக்கு இறங்கியது. உட்காருவது நிற்பதைவிடக் கேடு என்ற சுவர்ப்பட நம்பிக்கை அங்கேயே ஆட்டம் கண்டது. 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3, முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. அதே 20 கிலோவை உடம்போடு ஒட்டிப் பிடித்து நின்றபோது 1.1. எப்படிக் குனிந்தோம் என்பதைப் போலவே, பாரம் உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் கணக்கு. பக்கெட்டைக் கையை நீட்டித் தூக்காமல் தொடையோடு அணைத்துத் தூக்குங்கள் என்பது ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய, எந்த வீட்டிலும் செய்யக்கூடிய அறிவுரை. தூக்கவே தூக்காதே என்பதில் அந்த உதவி இல்லை.

டிஸ்க் என்றதும் நம் மனத்தில் வரும் படமே தவறு. எலும்புகளுக்கு நடுவே வைத்த சில்லு ஒன்று நழுவி வெளியே வந்துவிட்டது, இன்னொரு குனிவில் முழுதாக விழுந்துவிடும் என்று நினைத்துப் பயப்படுகிறோம். அப்படி அது எங்கேயும் நழுவுவதில்லை. மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு அது பின்னிப் பிணைந்திருக்கிறது. வெளிவளையத்தின் நார்களில் ஒரு பிளவு விழுந்து, உள்ளிருக்கும் கொழகொழப்பான பகுதி அதன் வழியே பிதுங்குகிறது. பிதுங்கியதை உடம்பு அந்நியப் பொருளாகக் கண்டு, வெள்ளணுக்களை அனுப்பிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தனித் துண்டாகக் கழன்றுவிட்டவற்றில் 96 சதவீதமும், வெளியே தள்ளிக்கொண்டு வந்தவற்றில் 70 சதவீதமும் அறுவையில்லாமலே சுருங்கியது தெரிந்தது. ஸ்கேனில் பார்க்கப் பயங்கரமாக இருப்பதுதான் அதிகம் கரைகிறது. இந்தச் செய்தியைத் தாளோடு சேர்த்து நோயாளியிடம் சொல்கிறவர்கள் எத்தனை பேர்?

அந்தத் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1994இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். பாதிப்பேருக்கு மேல் ஏதோ ஒரு டிஸ்க் உப்பியிருந்தது. நான்கில் ஒருவருக்கு மேல் பிதுக்கம் இருந்தது. 2015இல் 3,110 பேரின் படங்களை உள்ளடக்கிய தொகுப்பாய்வு ஒன்று வந்தது. இவர்களும் வலி இல்லாதவர்கள்தாம். 20 வயதிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் உப்பல் காணப்பட்டது, 80 வயதில் 84 சதவீதம். நரை விழுவதைப் போலத்தான் இதுவும். வலி வந்தவருக்குப் படத்தில் ஒரு பிதுக்கம் தெரிந்தால், அதுதான் காரணம் என்று சொல்ல மருத்துவர் காலைத் தூக்கிப் பார்த்து, பாதத்தின் பலத்தைச் சோதித்து, எந்த நரம்பின் வழியே வலி இறங்குகிறது என்று கேட்டுப் பொருத்திப் பார்க்க வேண்டும். படத்தை மட்டும் பார்த்துவிட்டு 'உங்க முதுகு அறுபது வயசு முதுகு' என்று முப்பத்தைந்து வயது டிரைவரிடம் சொல்வது மருத்துவம் ஆகாது. அந்த வாக்கியம் அவர் மனத்தில் வருடக்கணக்கில் கிடந்து அரிக்கும்.

பட்டியலோடு ஒட்டிக்கொண்டு வரும் ஓய்வுக்கு வருகிறேன். ஒரு காலத்தில் டிஸ்க் வலிக்கு மாதக்கணக்கில் படுக்கை எழுதிக் கொடுத்தார்கள். இன்றும் 'ஒரு மாசம் எழுந்திருக்கவே கூடாது' என்று கேட்கலாம். இதைச் சோதித்துப் பார்த்தே முப்பது நாற்பது வருடங்கள் ஆகின்றன. 1986இல் அமெரிக்காவில் முதுகுவலிக்காரர்களை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதிக்கு இரண்டு நாள், இன்னொரு பகுதிக்கு ஏழு நாள் படுக்கை சொன்னார்கள். இரண்டு நாள்காரர்கள் இழந்த வேலைநாட்கள் 45 சதவீதம் குறைவு; குணமானதில் வேறுபாடில்லை. 1995இல் ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களை மூன்று பிரிவாக்கினார்கள்: படுக்கை, பயிற்சி, வலி அனுமதிக்கிற அளவுக்கு வழக்கமான வேலை. முதலில் தேறியவர்கள் வழக்கமான வேலையைத் தொடர்ந்தவர்கள். 'அதெல்லாம் சாதாரண முதுகுப் பிடிப்பு, நரம்பு அழுந்தினால் வேறு' என்பீர்கள். 1999இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டில், கால் நரம்பு வரை வலி இறங்கிய 183 பேரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவு இரண்டு வாரம் படுக்கை. மற்றவர்கள் நடமாடிக்கொண்டே காத்திருந்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் இரண்டு பிரிவிலும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். படுக்கை எதையும் கூட்டிக் கொடுக்கவில்லை. தசையைக் கரைக்கும், மலத்தைக் கட்டும், கூலியைக் கெடுக்கும், இவ்வளவும் இலவசம்.

வலி உயிர் போகிற மாதிரி இருக்கும் ஒன்றிரண்டு நாள் படுக்கத்தான் செய்வார்கள், படுக்கட்டும். மூன்றாம் நாள் முற்றம் வரை நடக்கட்டும். நான்காம் நாள் கடை வரை.

பலகையும் தரையும்? 2003இல் ஸ்பெயினில் நாட்பட்ட முதுகுவலி உள்ள 313 பேருக்குக் கெட்டி மெத்தையும் நடுத்தர மெத்தையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். நடுத்தர மெத்தைக்காரர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்தது. பெல்ட்? 2000இல் அமெரிக்கக் கடைத் தொடர் ஒன்றில் பாரம் தூக்கும் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்து, தினமும் பெல்ட் கட்டியவர்களுக்கும் கட்டாதவர்களுக்கும் முதுகுவலியில் வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். பஸ்ஸில் போகும்போதோ வலி முற்றிய முதல் வாரத்திலோ தைரியத்துக்குக் கட்டிக்கொண்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன். அந்தமானின் புழுக்கத்தில் காலையிலிருந்து இரவு வரை கட்டி, இடுப்பெல்லாம் வேர்க்குரு அப்பி, கழற்றினால் விழுந்துவிடுவோம் என்று நடுங்குகிறார்களே, அந்த நடுக்கத்தைத்தான் சொல்கிறேன்.

எதிர்த்தரப்பின் பலமான சான்றையும் மறைக்கக் கூடாது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பன்றிகளின் கழுத்தெலும்புகளை இயந்திரத்தில் பொருத்தி ஆயிரமாயிரம் தடவை மடக்கி நிமிர்த்தினார்கள், டிஸ்க் பிதுங்கியது. 2001இல் வெளியான அந்த ஆய்வைக் காட்டித்தான் குனிவைக் குற்றவாளியாக்குகிறார்கள். ஆனால் அது இறந்த தசையும் எலும்பும். இரவு ஓய்வு அதற்கு இல்லை, ஆறுவதற்கு உயிர் இல்லை. உயிருள்ள முதுகு, பழக்கிய வேலைக்குத் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ளும். 2017இல் ஆஸ்திரேலியாவில் வந்த ஆய்வில், நெடுங்காலம் ஓடிப் பழகியவர்களின் டிஸ்க்குகள் ஓடாதவர்களுடையதைவிட நீர்ப்பிடிப்போடு இருந்தன. பின்லாந்தின் ஒத்த இரட்டையர்களில், ஒருவர் பாரம் தூக்கும் வேலையிலும் மற்றவர் உட்கார்ந்த வேலையிலும் இருந்த சோடிகளைப் பார்த்து 1995இல் எழுதினார்கள்: டிஸ்க் தேய்வில் வேலையின் பங்கு சிறியது, பிறப்பிலேயே வந்ததன் பங்கு பெரியது. ஆகவே, 'நீ அன்று அந்த மூட்டையைத் தூக்கினாய், அதனால்தான்' என்று ஒருவரை வாழ்நாள் முழுக்கக் குற்ற உணர்வில் வைக்க நமக்கு உரிமையில்லை.

குனிவைப் பற்றிய ஒரு கட்டுப்பாட்டை மட்டும் நான் முழு மனத்தோடு ஏற்கிறேன், அது காலை நேரத்துக்கானது. இரவு படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் நாம் சற்று உயரமாக எழுவதே அதனால்தான். எழுந்த கையோடு ஆழமாகக் குனிந்தால் உப்பிய டிஸ்க் கூடுதலாக இழுபடும். அதிகாலைக் குனிவைத் தவிர்த்தவர்களுக்கு நாட்பட்ட வலி குறைந்ததை 1998இல் ஓர் ஆய்வு காட்டியது. வாசல் தெளிப்பதையும் தண்ணீர் மொள்வதையும் எழுந்து ஒரு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. குழாயில் தண்ணீர் விடிகாலையில்தான் வரும் என்றால் அந்த வேலையை வீட்டில் இன்னொருவர் செய்யட்டும். கணவரோ மகனோ செய்தால் ஒன்றும் குறைந்துவிடாது. டிரம்மை இரண்டு ஹாலோ பிளாக் கல்மேல் ஏற்றி வைத்தால் பாதிக் குனிவு மிச்சம். நிறை பக்கெட் ஒன்றைவிட அரை பக்கெட் இரண்டு நடை மேல். பாக்குப் பொறுக்குகிறவர் ஒரு முழங்காலை ஊன்றிப் பொறுக்கலாம், வரிசை முடிந்ததும் நிமிர்ந்து பின்னால் சாய்ந்து நாலு எட்டு நடக்கலாம். இன்று கால் மணி நேரம், அடுத்த வாரம் அரை மணி. வேலைக்குத் திரும்பும் வழி இப்படிப் படிப்படியானது. பட்டியலில் இந்தப் படிகள் எதுவும் கிடையாது.

பட்டியல் வசதியான வீட்டுக்காரருக்கும் நல்லது செய்யவில்லை என்றேனே, அதற்குக் காரணம் பயம். ஸ்காட்லாந்தின் எலும்பு அறுவை மருத்துவர் கார்டன் வாடெல் 1993இல் தம் குழுவோடு வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையையே திருப்பிவிட்டது. முதுகுவலியால் வேலைக்குப் போகாமல் முடங்கியவர்களைப் பிரித்துக் காட்டியது வலியின் கடுமையைக் காட்டிலும், வேலை செய்தால் முதுகு கெடும் என்ற நம்பிக்கைதான் என்று அவர் கண்டார். பயந்தவர் குனியமாட்டார், குனியாத முதுகின் தசை இறுகும், பலம் குறையும், ஒருநாள் தவிர்க்க முடியாமல் குனியும்போது சுரீர் என்று பிடிக்கும், பார்த்தாயா, சொன்னேனே என்று பட்டியல் ஜெயித்துவிடும். பட்டியல் தனக்கான சான்றைத் தானே தயாரித்துக்கொள்கிறது. இதை உடைக்க முடியும் என்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் காட்டியது. 1997இல் தொடங்கி அங்கே தொலைக்காட்சியில் முதுகுவலிக்குப் படுத்துவிடாதீர்கள், நடமாடுங்கள், வேலையைத் தொடருங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். மக்களின் நம்பிக்கை மாறியது, மருத்துவர்கள் எழுதும் அறிவுரை மாறியது, முதுகுவலிக்காகக் கேட்கும் இழப்பீட்டுக் கோரிக்கைகளும் குறைந்தன.

அப்படியானால் எதைத்தான் விட வேண்டும்?

ஒரே நிலையில் உறைந்து உட்காருவதை. நாற்காலியோ தரையோ சம்மணமோ கேடில்லை. அசையாமல் மணிக்கணக்கில் இருப்பதுதான் கேடு. பஸ்ஸோ ஜீப்போ ஓட்டுகிறவர் வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கி நடக்க வேண்டும்.

புகையிலையை. இதைப் பட்டியல்காரர்கள் சொல்வதே இல்லை. எனக்குப் பெரும் வருத்தம் இதில்தான். டிஸ்க்குக்கு நேரடி இரத்த ஓட்டம் கிடையாது. மேலும் கீழுமுள்ள எலும்பின் நுண்குழாய்களிலிருந்து ஊறி வரும் சத்தில்தான் அது பிழைக்கிறது. நிக்கோடின் அந்த நுண்குழாய்களைச் சுருக்குகிறது. புகைப்பவர்களுக்குக் கால் நரம்பு வலி அதிகம் வருவது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அந்தமான் நிக்கோபாரில் ஆண்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. வாயில் கைனியை அடக்கிக்கொண்டு 'குனியக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்' என்பவரிடம் கைனியைப் பற்றி யாராவது பேசினார்களா?

வலி வந்தால் ஊசி என்ற வழக்கத்தை. வாரத்துக்கு இரண்டு தடவை டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனால் வயிறும் சிறுநீரகமும் விலை கொடுக்கும். நரம்பு மாத்திரை என்று மாதக்கணக்கில் எழுதப்படும் பிரீகாபாலினை 2017இல் சிட்னியில் சயாட்டிகா என்ற கால் நரம்பு வலி உள்ள 209 நோயாளிகளிடம் சோதித்தார்கள். வெற்று மாத்திரையைவிட அது வலியைக் குறைக்கவில்லை, தலைசுற்றலைத்தான் கூட்டியது. பாக்கு மரம் ஏறுகிறவருக்குத் தலைசுற்றல் தரும் மாத்திரை எவ்வளவு ஆபத்து என்று எழுதுகிறவர் யோசிக்க வேண்டும். சுளுக்கு எடுக்கிறேன் என்று கவிழ்த்துப் போட்டு முதுகில் ஏறி மிதிக்கவிடுவதையும் நிறுத்த வேண்டும். இதமாக எண்ணெய் தேய்ப்பது வேறு, கால் மரத்த நிலையில் எலும்பை நெட்டி முறிப்பது வேறு.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்துக் குறிகளை 'பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடும் பழக்கத்தை. சைக்கிள் சீட் படும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் முட்டிக்கொண்டும் வராமல் இருப்பது அல்லது தெரியாமலே போய்விடுவது, மலம் அடங்காமல் போவது, பாதம் தூக்க வராமல் நடக்கும்போது செருப்பு கழன்று விழுவது, இரண்டு கால்களும் பலம் குறைந்துகொண்டே வருவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக்கற்றை மொத்தமாக நசுங்கினால் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டும். தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். முதுகுவலியோடு காய்ச்சலோ, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறோ சேர்ந்தாலும் காத்திருக்கக் கூடாது. சௌல்தாரிக்காரர் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குச் சாலை வழியே போய்விடலாம். லிட்டில் அந்தமானிலும் நிக்கோபார் தீவுகளிலும் இருப்பவர் கப்பலுக்கோ ஹெலிகாப்டருக்கோ காத்திருக்க வேண்டும். அதனால் தீவில் ஒவ்வொரு மணி நேரமும் கூடுதல் மதிப்புடையது. குனியாதே என்ற பட்டியலை மனப்பாடமாகச் சொல்கிற பலருக்கு இந்தக் குறிகளில் ஒன்றுகூடத் தெரியாது. அவர்கள் மேல் குற்றமில்லை. சொல்ல வேண்டிய நேரத்தை மற்ற கூடாதுகள் தின்றுவிட்டன.

அறுவையை நான் மறுக்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2007இல் நெதர்லாந்தில் 283 சயாட்டிகா நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி விரைவில் அடங்கியது. காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குப் பின்னால் அறுவை தேவைப்பட்டது. ஆனால் ஒரு வருடம் முடிந்தபோது இரு தரப்பிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். ஆபத்துக் குறி இல்லாதவர் நகையை அடகு வைத்துச் சென்னைக்கோ வேலூருக்கோ கிளம்புவதற்கு முன் இந்தக் கணக்கை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். தெரிந்துகொண்டு அவர் எதைத் தேர்ந்தாலும் அது அவர் முடிவு.

மருத்துவர்களிடமும் பிசியோதெரபிஸ்டுகளிடமும் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு வேலையைத் தவிர்க்கச் சொன்னால், எந்த வாரம் அதைத் திரும்பத் தொடங்கலாம் என்பதையும் அதே சீட்டில் எழுதுங்கள். நோயாளி என்ன வேலை செய்கிறார், தண்ணீர் எங்கிருந்து தூக்குகிறார் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். சுகாதாரத் துறைக்கும் ஆகாசவாணியின் போர்ட் பிளேர் நிலையத்துக்கும் ஒரு வேண்டுகோள். விக்டோரியா தொலைக்காட்சியில் செய்ததை இங்கே வானொலியிலும் துணை சுகாதார நிலையச் சுவர்களிலும் செய்யலாம். தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் ஆபத்துக் குறிகளை முதலில் எழுதுங்கள். அதன் கீழே, இவை இல்லாவிட்டால் படுக்காதீர்கள், நடமாடுங்கள், பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் குணமாகிவிடும் என்று எழுதுங்கள்.